வலது மார்பில் தைத்த மெடல்

திண்டிவனத்தில் யூனிஃபாரம் தைக்கிறவள் நான். பள்ளிக்கூடப் பாவாடையிலிருந்து போலீஸ் காக்கி வரைக்கும் என் மெஷினுக்கு அடியில் போகாதது எதுவும் இல்லை. ஆனால் விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் என்னைத் தேடிக்கொண்டு ஆட்கள் வருவது மெடல் தைப்பதற்கு. நாலைந்து மெடல்களை ஒன்றன்மேல் ஒன்று லேசாகப் படிய வைத்து, ரிப்பனில் சுருக்கம் விழாமல், கீழ்விளிம்பு எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும்படி பட்டையில் தைத்துக் கொடுக்க இந்த வட்டாரத்தில் வேறு கை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கை எதற்காகப் பழகியது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனிதரைப் பழிவாங்கத்தான் பழகியது.

மெடல் குத்திக்கொள்வதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்கியவர் இடது மார்பில் குத்திக்கொள்ள வேண்டும். அவர் செத்துப்போய், அவருக்காக மனைவியோ பெற்றவர்களோ குத்திக்கொண்டால் அது வலது மார்பு. பட்டாளத்தில் இருந்தவர் யாரும் எட்ட இருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார், இது இவருடையதா, போனவருடையதா என்று. இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு மெடலின் விளிம்பிலும், நாணயத்தின் ஓரத்தைப் போன்ற அந்தச் சின்ன இடத்தில், வாங்கியவரின் நம்பரும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், என் கதை முழுக்கப் புரிந்துவிடும்.

என் கணவர் லான்ஸ் நாயக். சட்டைக் கையில் பதவியைக் காட்டும் பட்டை ஒன்றே ஒன்று. அவருடைய அண்ணன், அதாவது என் மூத்தார், சப்ளைப் பிரிவில் ஹவில்தார். மூன்று பட்டை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் லீவில் வந்தால் வீடே கலகலப்பாக இருக்கும். சாப்பாட்டு இலையில் என் கணவர் ஏதாவது எதிர்த்துச் சொன்னால், “இன்னாடா, ஒரு பட்டை மூணு பட்டையக் கேள்வி கேக்குதா?” என்பார் மூத்தார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்று மூன்று குளிர்காலத்தில் காஷ்மீரில் என் கணவர் இறந்துபோனார். குண்டடி பட்டுக் கிடந்த இரண்டு பேரைப் பனியில் இழுத்துக்கொண்டு வந்து பாறை மறைவில் போட்டுவிட்டு, மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனாராம். அந்த மூன்றாவது ஆள் பிழைத்துவிட்டார். இவர் பிழைக்கவில்லை. கல்யாணமாகி மூன்று வருஷம். லீவு நாட்களை மட்டும் கூட்டினால் ஐந்து மாதக் குடித்தனம்.

அடுத்த வருஷம் சேனா மெடல் கொடுக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதம் வந்தது. வடக்கே ஒரு கன்டோன்மென்டில் விழா. எனக்கு இந்தி தெரியாது, திண்டிவனம் தாண்டி வடக்கே போனதுமில்லை. மூத்தார்தான் லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். விழாவுக்கு முன்னால் ஒரு மேஜர் வந்து எங்களைப் போன்றவர்களுக்கு எப்படி நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் இந்தியில் என்னவோ சொல்லித் தன் மார்பின் இரண்டு பக்கத்தையும் தொட்டுக் காட்டினார். மூத்தார் தமிழில் சொன்னார்.

“சாப் இன்னா சொல்றாருன்னா, இனிமே இத நீ குத்திக்கலாம். ஆனா வலது பக்கம்தான் குத்தணும். இடது பக்கம் ஜெயிச்சவனுக்குத்தான். புரிஞ்சிதாம்மா?”

புரிந்தது. இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர் வாய்தான். இதை யாரும் மறந்துவிடக் கூடாது.

என் கணவர் செய்ததை ஒலிபெருக்கியில் படித்தார்கள். பெட்டியைத் திறந்தபடியே என் கையில் வைத்தார்கள். வெள்ளி வட்டம், அதில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பயனெட் கத்தி, நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு ரிப்பன். இடத்துக்குத் திரும்பி வந்தபோது மூத்தார் முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகை பொய் இல்லை. அது பொய்யாக இருந்திருந்தால் பின்னால் நடந்ததை நான் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

கண்டமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் கணவரின் வீட்டுக் கூடத்தில் மெடலைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். நான் ஒரு வருஷம் அங்கே இருந்தேன். மல்லாட்டைக் கடலை உரித்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் மெடலைக் காட்டினேன். குழந்தை இல்லை. இனி அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை என்று தோன்றவே, பெருமுக்கல்லில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்து, பெட்டியைக் கட்டிவிட்டு மெடலைக் கேட்டேன்.

மூத்தார் அப்போது லீவில் வந்திருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“எங்க ஊட்டுப் புள்ள மெடலு எங்க ஊட்லதாம்மா இருக்கணும். நீ சின்ன வயசு. நாளைக்கு இன்னொருத்தனக் கட்டிக்கினு போயிட்டீன்னா, என் தம்பி மெடலு அவன் ஊட்டு செவுத்துலயா தொங்கும்?”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். நான் வெறும் பெட்டியோடு பஸ் ஏறினேன். அதற்கப்புறம் என்னைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். நல்ல மனிதர்கள்தான். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பத்தினி என்று ஊர் சொன்னது, சொல்லிவிட்டுப் போகட்டும். நான் மறுகல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் வன்மம். அந்த மனிதர் சொன்ன வார்த்தை ஒருநாளும் பலித்துவிடக் கூடாது என்ற வன்மம், வேறு ஒன்றும் இல்லை.

விழுப்புரத்தில் போலீசுக்கும் என்.சி.சி.க்கும் யூனிஃபாரம் தைக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டனுக்குக் காஜா எடுப்பதில் ஆரம்பித்தேன். அங்கேதான் ரிப்பன் சுருள்களைப் பார்த்தேன். எந்த நிறம் எந்த மெடலுக்கு, எது முன்னால் வர வேண்டும், எது பின்னால் என்று அட்டை ஒன்று மாட்டியிருக்கும். மற்ற பெண்கள் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டிருக்கும்போது நான் அந்த அட்டையை மனப்பாடம் செய்தேன். பழைய பட்டைகள் வந்தால் தையலைப் பிரித்துப் பிரித்து எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒன்பது வருஷம் வேலை பார்த்தால் ஒரு மெடல், இருபது வருஷத்துக்கு ஒரு மெடல், சுதந்திரப் பொன்விழா வருஷத்தில் வேலையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு மெடல். மார்பு நிறையத் தொங்கினாலும் பாதி மெடல்கள் காலண்டர் கொடுத்தவை என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. மூத்தாரிடம் இருந்த மூன்றும் அப்படிப்பட்டவைதான்.

பொன்விழா மெடலோடு அவர் ஓய்வுபெற்று வந்தார். வரும்போது ஹானரரி நாயிப் சுபேதார் என்று ஒரு கௌரவப் பதவியும் கொடுத்தனுப்பினார்கள். ஹானரரி என்ற வார்த்தை சென்னையிலேயே இறங்கிக்கொண்டது. நாயிப் விழுப்புரத்தில் இறங்கிக்கொண்டது. கண்டமங்கலம் வந்து சேர்ந்தது வெறும் சுபேதார்தான். ஊரே அவரை சுபேதார் என்று கூப்பிட ஆரம்பித்தது.

முதல் வருஷம் குடியரசு தினத்துக்கு, தன் மூன்று மெடல்களை இடது பக்கமும் தம்பியின் மெடலை வலது பக்கமும் குத்திக்கொண்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனாராம். யாரோ சொன்னார்கள். வலது பக்கம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அதற்கு இரண்டு வருஷம் கழித்து விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பேண்டு வாசிக்கும் பிள்ளைகளுக்கு யூனிஃபாரம் கொடுக்கப் போயிருந்தேன். கொடியேற்றம். சிறப்பு விருந்தினர் நாற்காலியில் மூத்தார் உட்கார்ந்திருந்தார். இடது மார்பில் நாலு மெடல். அதில் முதலாவதாக, நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் சிவப்பு ரிப்பன்.

வலது மார்பிலிருந்து இடது மார்புக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை. அதைக் கடக்க அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. ஒரு வருஷம் யாரோ உங்களுடையதா என்று கேட்டிருப்பார்கள், இவர் பேசாமல் இருந்திருப்பார். அடுத்த வருஷம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியர் அவரை வீரப் பதக்கம் பெற்ற சுபேதார் என்று அறிமுகம் செய்தார். இவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். “குண்டு மழையா பேஞ்சிக்கினு இருந்துச்சு. ரெண்டு பேர இழுத்தாந்து போட்டேன். மூணாவது ஆளு உள்ள கெடக்கறான். உட்ருவமா? திரும்பிப் போனேன்” என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனவர் செத்துப்போனார். இவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். நான் துணி மூட்டையோடு வேப்பமரத்தடியில் நின்றேன். தையல்காரி ஒருத்தி கூச்சல் போட்டால் யார் நம்புவார்கள்? பேச்சு முடிந்ததும் மெடலைக் கழற்றி முதல் வரிசைப் பிள்ளைகளிடம் கொடுத்தார், தொட்டுப் பார்க்கச் சொல்லி. அவர்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இவரை அவசரப்பட்டு அடிக்கக் கூடாது. நன்றாக ஏறட்டும்.

ஏறினார். முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தில் பொறுப்புக்கு வந்தார். நான் திண்டிவனத்தில் சொந்தக் கடை போட்டேன். மெடல் வேலை என்றால் என் பழைய முதலாளி பஸ்ஸில் பார்சல் கட்டி எனக்கு அனுப்பிவிடுவார், நான் தைத்துத் திருப்பி அனுப்புவேன். அப்படி ஓர் ஏழெட்டு வருஷம் ஓடியது.

ஒருநாள் மதியம் வந்த பார்சலில் கருநீல கோட் ஒன்றும் நாலு மெடலும் இருந்தன. விழுப்புரத்தில் சங்கத்துக் கூட்டம், சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் வருகிறார், எல்லோரும் கோட்டும் மெடலுமாக வர வேண்டுமாம். யாருடையது என்று சீட்டில் எழுதவில்லை. “நாலு மெடல், இடது பக்கம், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபங்ஷன்” என்றுதான் இருந்தது. விளிம்பைப் பார்ப்பது என் வழக்கம். மூன்று மெடல்களிலும் மூத்தாரின் நம்பர், ஹவில்தார், அவர் பெயர். நாலாவதைக் கையில் எடுத்தேன். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் தொடுகிறேன். என் கணவருடைய நம்பர் எனக்குத் தூக்கத்திலும் வரும். அதைப் படிக்கத்தான் விளிம்பைத் திருப்பினேன்.

விளிம்பு மொழுமொழுவென்று இருந்தது. ஒரு எழுத்து இல்லை, ஓர் எண் இல்லை. பெயர் இருந்த இடத்தை அரத்தால் ராவியிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அரம் ஓடிய கோடுகள் மட்டும் தெரிந்தன. பிள்ளைகள் கையில் கொடுக்கிறவர் அல்லவா, யாராவது எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டால்?

அதுவரைக்கும் அவரை நான் வெறுத்தேன் என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உண்மையில் வெறுத்தேன். தம்பியின் மெடலைத் தன்னுடையது என்று சொன்னது ஒரு பாவம். கட்டையில் வைத்து எரித்த பிறகு அந்த மனிதனின் பெயர் மிச்சமிருந்த அந்தத் துளி இடத்தையும் ராவி எடுத்தது வேறு பாவம்.

மெடலை எடுத்து வைத்துக்கொண்டு பார்சலைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். அது எனக்குப் போதாது. அவருடைய மூன்று மெடல்களையும் கோட்டின் இடது பக்கம் தைத்தேன். மனமறிந்து சொல்கிறேன், நான் தைத்ததிலேயே அழகான பட்டை அதுதான். சேனா மெடலைத் தனியாக வலது பக்கம் தைத்தேன். பின்னூசி குத்தி மாட்டவில்லை. இரட்டை நூல் போட்டு, மேல்துணி, நடுவில் இருக்கும் விறைப்புத் துணி, உள் லைனிங் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நாற்பது தையல். பிளேடு வைத்து இழுத்தால் கோட்டே கிழியும். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் பார்சலைப் போட்டுவிட்டு, தையல் பிரிக்கும் சின்னக் கத்தரியைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நானும் ஏறினேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். ராணுவ விதவைகளுக்கு இடது ஓரமாக நாற்காலி போட்டிருந்தார்கள், அதில் ஒன்றில் நானும் உட்கார்ந்தேன். மேடைக்கு முன்னால் நின்று கர்னலை வரவேற்க வேண்டிய பொறுப்பு மூத்தாருக்கு. கோட் இல்லாமல் நிற்க முடியாது. அவர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து எனக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. அந்த வெயிலில், கோட்டுக்கு மேல், வலது தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரு ஜரிகைப் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டிருந்தார்.

கர்னல் வரிசையாகக் கை குலுக்கிக்கொண்டு வந்தவர் அவர் முன்னால் நின்றார். “என்ன சுபேதார் சாப், குளிருதா? மெடலை மூடக் கூடாது” என்று சிரித்துக்கொண்டே தன் கையாலேயே பொன்னாடையை விலக்கினார்.

மண்டபம் முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள். யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. போன வருஷம் வரைக்கும் இடது பக்கம் பார்த்த மெடல் வலது பக்கம் இருந்தது.

“சேனா மெடல். யாரோடது?” என்றார் கர்னல்.

மூத்தார் பொன்னாடையை மறுபடியும் இழுத்து மூடப் பார்த்தார். கர்னல் மறுபடியும் கேட்டார்.

“தம்பியோடதுங்க சார்.”

பின்வரிசையில் யாரோ, “அப்போ இந்நேரம் வரைக்கும் இவுரு சொன்னது?” என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது. கர்னல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “தம்பி மனைவி இருக்காங்களா? அவங்கதானே போட்டுக்கணும்?” என்றார்.

“இங்கதான் இருக்கேன் சார்” என்று எழுந்தேன்.

மெடலில் பின்னூசி இல்லை, தைத்திருக்கிறது, நான்தான் தைத்தேன், நானே பிரித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மூத்தாருக்கு முன்னால் போய் நின்று கத்தரியை எடுத்தேன். அவசரப்படவில்லை. நாற்பது தையலையும் ஒவ்வொன்றாக வெட்டினேன். அவர் கழுத்திலிருந்து வேர்வை என் விரலில் சொட்டியது. தலையைக் குனிந்து எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“போதும்மா. உட்ரும்மா. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க.”

“அதுக்குத்தாங்க மாமா” என்றேன்.

கர்னல் மெடலை வாங்கி, வழக்கப்படி விளிம்பைத் திருப்பினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு சுற்றுத் திருப்பினார். பேர் எங்கே என்று கேட்டார். மூத்தார் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன்னால் அவரிடம் பார்த்ததில்லை. சொல்லிவிடாதே என்று கெஞ்சினார். பெட்டியோடு கூடத்தில் நின்றபோது நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

“அரம் போட்டு ராவிட்டாங்க சார்” என்றேன்.

கர்னல் மெடலை என் கையில் வைத்தார். மூத்தாருக்கு நீட்டியிருக்க வேண்டிய கையைக் கொடுக்காமலே அடுத்தவரிடம் போய்விட்டார். அன்றைக்கு மதியம் பந்தியில் மூத்தாருக்கு இரண்டு பக்கமும் இலை காலியாக இருந்தது. நான் எதிர்வரிசையில் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

திண்டிவனத்துக்கு வந்ததும் பாத்திரக்கடைக்குப் போனேன். சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவர் அங்கே மெஷினோடு உட்கார்ந்திருப்பார். மெடலைக் கொடுத்து, நம்பர், லான்ஸ் நாயக், பெயர் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். “ஓரத்துல கஷ்டம்கா, எழுத்து ஆடும்” என்றார். ஆடட்டும் என்றேன். ஆடித்தான் இருக்கிறது. எவர்சில்வர் டம்ளரில் இருக்கும் எழுத்து. அரசாங்கம் பொறித்த எழுத்து நுணுக்கமாக, வரிசையாக இருந்தது. அது எனக்குத் திரும்பக் கிடைக்காது. மெடல் வந்துவிட்டதே, இனியாவது மனசு ஆறாதா என்று அம்மா கேட்டாள். விளிம்பைத் தடவும்போதெல்லாம் ஆறவில்லை என்றுதான் தெரிந்தது. பாத்திரக்கடையிலிருந்து திரும்பும் வழியிலேயே ஹார்டுவேர் கடையில் ஒரு சின்ன அரம் வாங்கினேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. பாபின் வைக்கும் டிராயரில் போட்டுவைத்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து மூத்தார் மாரடைப்பில் போனார். சேதி வந்த காலையிலேயே அவருடைய மகன் பைக்கில் என் கடைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. அப்பாவின் மூன்று மெடல்களையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு வந்திருந்தான். ரிப்பன் இற்றுப்போயிருந்தது.

“சித்தி, சங்கத்துலேர்ந்து வர்றாங்க. மெடல அப்பா மேல வெக்கணுமாம். ஜல்தியா தெச்சிக் குடுங்க. உங்கள உட்டா யாரும் இல்ல.” தயங்கிவிட்டு, “அப்பா மேல இருக்கற கோவத்த...” என்று ஆரம்பித்தான்.

“டீ குடிச்சிட்டு வா. அரை மணி நேரம்” என்றேன்.

புது ரிப்பன் வெட்டினேன். மூன்று விளிம்பையும் படித்தேன். நம்பர், ஹவில்தார், பெயர். அச்சு அசலாக, நுணுக்கமாக, வரிசையாக. ஒரு கீறல் இல்லை. டிராயரைத் திறந்தேன்.

மூன்றையும் ராவவில்லை. அவர் ராவியது ஒன்று. நானும் ஒன்றைத்தான் ராவினேன், இருபது வருஷ சர்வீசுக்குக் கொடுத்ததை. அதுதான் அவர் உண்மையாகச் சம்பாதித்தது. எழுத்து போக நான் நினைத்ததைவிட நேரம் பிடித்தது. அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்து ராவியிருப்பார் என்று அப்போதுதான் தெரிந்தது. வெள்ளைத் தூள் மேஜையில் விழுந்ததை ஊதிவிட்டு, மூன்றையும் பட்டையில் வரிசையாகத் தைத்துக் கொடுத்தேன். அவன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனான்.

காரியம் முடிந்த பிறகு அந்தப் பட்டையைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், முன்பு என் கணவருடையது இருந்த அதே ஆணியில். வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதுவரைக்கும் யாரும் விளிம்பைத் திருப்பிப் பார்க்கவில்லை.